கதவில் ஒடுக்கு: பீடிங்கா, பிலிமா, காந்தப் பட்டையா?

சக்லேஷ்பூர் பக்கம் இரண்டு நாள் சேற்றில் புரண்டுவிட்டு வந்த வண்டியை ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுவிக்கொண்டிருந்தேன். பாறை உரசியிருக்குமோ, கிளை கிழித்திருக்குமோ என்று கீழ்ப்பக்கமாகவே தேடிக்கொண்டு வந்தவனுக்கு, இடது பின்கதவில்தான் அது கண்ணில் பட்டது. தீக்குச்சி நீளத்துக்கு, நெட்டுக்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு. ஈரத்துணியால் நாலு தேய் தேய்த்ததும் கோடு போய்விட்டது. அது வேறு வண்டியின் பெயின்ட். ஆனால் மேலே எரிந்த டியூப்லைட்டின் பிம்பம் அந்த இடத்தில் மட்டும் நெளிந்தது. விரலை ஓட்டினால் ஒரு சின்னக் குழி. காட்டில் விழாத ஒடுக்கு, பெங்களூர் ராமமூர்த்தி நகரில் எங்கள் அபார்ட்மென்ட்டின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் விழுந்திருந்தது.

அதே வாரம் மச்சான் போன் பண்ணினான். சர்ஜாபூர் ரோட்டில் இருக்கிறான். ஸ்கார்பியோ-என், நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர், புக் பண்ணியாகிவிட்டது. டெலிவரிக்கு மூன்று வாரம் இருந்தது. "மாமா, ஷோரூம்லயே ஒரு புரொடெக்‌ஷன் பேக்கேஜ் சொல்றாங்க. செராமிக் கோட்டிங், டோர் கார்டு, சைடு பீடிங் எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம். போட்டுடட்டுமா?" என்றான். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, என் கதவுக்கும் அவன் கதவுக்கும் சேர்த்து விசாரிக்க ஆரம்பித்தேன். இரண்டு சனிக்கிழமை, கார் சாமான் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் போனது. ஒரு ராத்திரி பேஸ்மென்ட்டில் இஞ்ச் டேப்புடன் போனது. அதில் தேறியது இது.

இரண்டடி

முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் பேஸ்மென்ட்டில் ஒரு வெள்ளைக் கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை அளந்தால் 2500 மி.மீ. என்னுடைய தார் ராக்ஸின் அகலம் 1870 மி.மீ. மச்சான் வாங்கப்போகும் ஸ்கார்பியோ-என் 1917 மி.மீ. இரண்டும் கோட்டுக்கு நடுவில் ஒழுங்காக நின்றால்கூட இடையில் 606 மி.மீ.தான் மிஞ்சும். கிட்டத்தட்ட இரண்டடி. அதிலும் கண்ணாடிகள் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். மாருதி 800-இன் அகலம் 1440 மி.மீ. அப்படி இரண்டு வண்டி இதே கோட்டுக்குள் நின்ற காலத்தில் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் இருந்தது. வண்டிகள் பருத்துவிட்டன, கோடு அப்படியே இருக்கிறது. 1645 மி.மீ. அகலமுள்ள ஜிம்னி வைத்திருக்கும் மூன்றாவது மாடிக்காரரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இந்த இரண்டடிக்குள் லேப்டாப் பையோடு ஒருவர் இறங்க வேண்டும். பேஸ்மென்ட் தரையில் தண்ணீர் ஓடுவதற்காகச் சாய்வு விட்டிருப்பார்கள். அந்தச் சாய்வுப் பக்கம் கதவு திறந்தால், பாதியில் நிற்க வேண்டிய கதவு தானாகவே கடைசிவரை போய்விடும். கதவின் விளிம்பு என்பது தகட்டை மடித்து அழுத்திய கூர்மையான கோடு. அது வந்து இடிக்கும் வெளித்தகடோ பெரும்பாலான கார்களில் 0.7 மி.மீ. அளவுதான். உங்கள் பர்ஸில் இருக்கும் ஏடிஎம் கார்டு 0.76 மி.மீ. ஏடிஎம் கார்டு கனத்துக்குக் கொஞ்சம் குறைவான இரும்பின்மேல் இருபது முப்பது கிலோ கதவு ஒன்று ஒரே கோட்டில் இடிக்கிறது. தார் மாதிரி தட்டையான கதவு என்றால் சின்னக் குழியும் தூரத்திலிருந்தே தெரியும்.

இங்கே ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கீறல் வேறு, ஒடுக்கு வேறு. கடைகளில் விற்கும் பாதிப் பொருள்கள் கீறலுக்கு மருந்து. பேஸ்மென்ட்டில் நமக்கு வருகிற நோயோ ஒடுக்கு. மெல்லிசான எதுவும் ஒடுக்கைத் தடுக்காது. இடி வரும்போது தான் அமுங்கிக்கொடுக்கும் அளவுக்குக் கனம் வேண்டும். எந்தக் கடைக்காரர் எதைக் காட்டினாலும் நான் கேட்ட முதல் கேள்வி, "இது எத்தனை மில்லிமீட்டர்?" என்பதுதான். அதற்கு நேரான பதில் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்.

டேப்போடு ஒரு ராத்திரி

இரண்டாவது கேள்வி உயரம். பக்கத்து வண்டியின் கதவு விளிம்பு நம் கதவில் எந்த உயரத்தில் படும்? இதைத் தெரிந்துகொள்ளாமல் பீடிங், அதாவது கதவின் குறுக்கே ஒட்டும் பட்டையை, ஒட்டினால், குடையை இடுப்பில் கட்டிக்கொண்டு மழைக்குப் போன கதைதான்.

ராத்திரி பத்தரைக்குமேல் இறங்கினேன். வரிசையாக நிற்கும் வண்டிகளின் கதவு எங்கே வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் குனிந்து அளந்துகொண்டிருந்தபோது பின்னால் டார்ச் வெளிச்சம். செக்யூரிட்டி. "ஏன் சார், ஏன் மாட்தா இதீரா?" கன்னடத்தில் 'ஏன்' என்றால் 'என்ன'. பெங்களூருக்கு வந்து இத்தனை வருஷமாகியும், திடுக்கிடும் நேரத்தில் என் காது அதைத் தமிழாகத்தான் எடுத்துக்கொள்கிறது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவரிடம், ஏன் செய்கிறேன் என்று ஐந்து நிமிஷம் விளக்கினேன். கேட்டுவிட்டு அவர் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் பேஸ்மென்ட்டில் கிடைத்த கணக்கு இப்படி: சின்ன ஹேட்ச்பேக்குகளின் கதவு தரையிலிருந்து 60 முதல் 70 செ.மீ. உயரத்தில்தான் அதிகம் துருத்துகிறது. எஸ்யூவிகளில் 80-ஐத் தாண்டுகிறது. என் ஒடுக்கு இருந்த உயரம் 66 செ.மீ. அப்படியென்றால் இடித்தது சின்ன வண்டி. வெள்ளைச் சின்ன வண்டிகள் எங்கள் பேஸ்மென்ட்டில் பதினொன்று நிற்கின்றன என்பதால் மேலே துப்பறியவில்லை.

ஆனால் டேப்பைவிட அதிகம் உதவியது செக்யூரிட்டி சொன்ன ஒரு வார்த்தை. "காலையில ஏழே முக்காலுக்கு நின்னு பாருங்க சார். ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்கதான் பின்கதவைப் படார்னு திறக்கும்." இதைச் சொல்லும்போது அவர் தமிழுக்கு மாறிவிட்டார். எனக்கு இடது பக்கத்து ஸ்லாட் வண்டியும் என்னுடையதும் ஒரே திசையில் மூக்கை நுழைத்து நிற்பவை. அதனால் அவர்களுடைய வலது பின்கதவு என் இடது பின்கதவுக்கு நேர் எதிரே திறக்கும். ஒடுக்கு அங்கே விழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

நீங்களும் அளக்கலாம். கதவில் மேலிருந்து கீழாக ஒரு மாஸ்கிங் டேப்பை ஒட்டி, பத்து செ.மீ.க்கு ஒரு கோடு போடுங்கள். பக்கத்து வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு, அவர் கதவு விளிம்பில் சாக்பீஸைத் தேய்த்து, மெதுவாகத் திறந்து தொடவிடுங்கள். எங்கே பொடி ஒட்டுகிறதோ அதுதான் உயரம். பத்து நிமிஷ வேலை.

பேக்கேஜில் இருப்பவை

இனி மச்சானுக்குச் சொன்ன பேக்கேஜைப் பிரித்துப் பார்க்கலாம்.

செராமிக் கோட்டிங் என்பது பெயின்ட்டின்மேல் பூசும் பூச்சு, சில மைக்ரான் கனம். ஒரு மில்லிமீட்டர் என்பது ஆயிரம் மைக்ரான். பளபளப்பு நிற்கும், தண்ணீர் உருண்டோடும், கழுவுவது சுலபம். எல்லாம் சரி. கதவு இடிக்கு அது ஒன்றும் செய்யாது. '9ஹெச்' கடினம் என்று சொல்லி மிரட்டுவார்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோல். கதவு பென்சில் இல்லை.

டோர் கார்டு என்று விற்பது கதவின் விளிம்பில் மாட்டும் யூ வடிவ ரப்பர். முந்நூறு நானூறு ரூபாய். இதைப் பற்றி ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. இது நம் கதவை அடுத்தவரிடமிருந்து காப்பாற்றாது. அடுத்தவர் கதவை நம்மிடமிருந்து காப்பாற்றும். கூடவே நம் விளிம்பில் பெயின்ட் உதிராமல் பார்த்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரருக்கு வாங்கிக்கொடுத்தால்தான் நமக்கு லாபம்! நான் மாட்டியிருக்கிறேன், மரியாதைக்காக. வாங்கினால் உள்ளே தகட்டுப் பல் இல்லாத வகையைப் பாருங்கள். அந்தப் பல் பெயின்ட்டைக் கொத்திவிட்டு, இடுக்கில் தண்ணீரும் தேங்கினால் துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

மூன்றாவது, சைடு பீடிங். இந்தப் பேக்கேஜில் விஷயம் உள்ள பொருள் இது ஒன்றுதான். ஆனால் ஷோரூமில் காட்டிய மாதிரி, கதவின் மடிப்புக்கோட்டோடு அழகாக ஓடும் குரோம் பட்டை. கனம் நாலு மி.மீ. இருக்கலாம், கடினமான பிளாஸ்டிக். அது அழகுக்கு. மச்சானிடம் பேக்கேஜ் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

பிபிஎஃப்: ஆசை இருக்கிறது, ஆனால்

இதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். பெயின்ட் புரொடெக்ஷன் பிலிம், பெயின்ட்டின்மேல் ஒட்டும் ஒளிபுகும் பிலிம். நல்லது என்றால் டிபியு என்ற பாலியூரிதேன் வகை. மலிவாகக் கிடைக்கும் பிவிசி வகை சில வருஷத்தில் மஞ்சளடித்துவிடும். வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காமல் இருக்க வந்த சங்கதி இது. அப்புறம்தான் கார்களுக்கு இறங்கியது. கனம் 150 முதல் 200 மைக்ரான், அதாவது அதிகபட்சம் 0.2 மி.மீ. மேலோட்டமான கோடுகள் வெயில் சூட்டிலும் வெந்நீரிலும் தானாக மறைந்துபோவதை நானே பார்த்தேன். கடைக்காரர் பித்தளை பிரஷ்ஷால் கீறிவிட்டு, கெட்டிலில் இருந்து வெந்நீர் ஊற்றிக் காட்டினார். வித்தைதான், மறுக்கவில்லை.

"இதுமேல கார் கதவு இடிச்சா?" என்றேன். "பெயின்ட்டுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணா" என்றார். பதிலில் இருந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. தகட்டுக்கு என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முழு வண்டிக்கு லட்சத்துக்கு மேல், நாலு கதவுக்கு மட்டும் என்றால் இருபத்தைந்தாயிரத்துக்குப் பக்கம் சொன்னார்.

அப்படியானால் பிபிஎஃப் வீணா? ஃபோர் பை ஃபோர்காரர்களுக்கு வீண் இல்லை, வேறு காரணத்துக்காக. காட்டுப்பாதையில் போகிறவர்களுக்கு உண்ணிச்செடி தெரியும். பாதையின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு கிலோமீட்டர் அதனூடே போய் வந்தால் கதவு முழுக்க நூல் நூலாகக் கோடு. அதற்கு இந்த பிலிமைவிட நல்லது எதுவும் இல்லை. பேஸ்மென்ட் விஷயத்திலும் ஒரு மறைமுக லாபம் உண்டு. பிலிம் இருந்தால் இடியில் தகடு குழிந்தாலும் பெயின்ட் உடைவது குறையும். பெயின்ட் உடையாத ஒடுக்கைப் பெயின்ட் அடிக்காமலே எடுத்துவிடலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

வாரம் ஐந்து நாள் ஆபீஸ், வருஷத்துக்கு ஒரு தடவை ஏற்காடு என்றால், கதவுக்காக பிபிஎஃப் போடுவது கொசுவுக்குப் பயந்து கோட்டை கட்டுவது.

காந்தப் பட்டை

ஒடுக்கை உண்மையாகத் தடுப்பதில் முதலிடம் இதற்குத்தான். பதினைந்து இருபது மி.மீ. கனமுள்ள நுரைப் பட்டை. உள்ளே காந்தம். வண்டியை நிறுத்தியதும் கதவுகளின்மேல் ஒட்டிவிட்டு, காலையில் எடுத்து டிக்கியில் போட்டுக்கொள்ள வேண்டியது. யாரும் உருவிக்கொண்டு போகாமலிருக்க ஒரு கம்பிக் கயிறு இருக்கும். அதன் முனையைக் கதவுக்கு உள்ளே வைத்துச் சாத்திவிடலாம். உயரத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். இன்றைக்குப் பக்கத்தில் ஹேட்ச்பேக் என்றால் கீழே, நாளைக்கு எஸ்யூவி என்றால் மேலே.

நான் வாங்குவதாகவே இருந்தேன். நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கி ஒரு வாரம் மாட்டிப் பார்த்தேன். முதல் இரண்டு நாள் ஒழுங்காக மாட்டினேன். மூன்றாம் நாள் மழை, கையில் பால் பாக்கெட், மாட்டவில்லை. நாலாம் நாள் மாட்டியதை மறுநாள் காலையில் கழற்ற மறந்து, அபார்ட்மென்ட் கேட்டில் செக்யூரிட்டி கைகாட்டி நிறுத்தினார். ஆள் சோம்பேறி என்றால் பொருள் என்ன செய்யும்?

ஆனால் என்னைத் தடுத்தது சோம்பல் இல்லை. சனி, ஞாயிறு செம்மண்ணில் ஓடிவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குத் திரும்பும்போது கதவு முழுக்க மணல். அதன்மேல் காந்தத்தை வைத்து அழுத்தினால் உப்புத்தாளை வைத்துத் தேய்த்த மாதிரிதான். அந்த நேரத்தில் கழுவிவிட்டு ஒட்டவா முடியும்? டவுனுக்குள்ளேயே ஓடும் சுத்தமான வண்டிக்கு இது நல்ல பொருள். சேற்றுக்குப் போகிற வண்டிக்கு, எந்த ராத்திரி மிகவும் தேவையோ அந்த ராத்திரி உபயோகப்படாது. இன்னொன்று: புது லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போல அலுமினிய உடம்புள்ள வண்டியில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. டிஃபெண்டர் வைத்திருப்பவர் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

பீடிங்: நான் ஒட்டியது

கடைசியில் நான் போனது ஜே.சி. ரோட்டுக்கு. டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் பக்கமாக நடந்தால், சீட் கவர், ஹார்ன், மேட் என்று தோரணம் கட்டிய கடைகள். "பீடிங்" என்றதும் எல்லாரும் எடுத்துப் போட்டது குரோம்தான். "கறுப்புல, மெத்துனு, கனமா வேணும்" என்று கேட்டபோது ஒரு கடைக்காரர், "அதெல்லாம் பழைய மாடல் சார், இப்ப யாரும் கேக்கறதில்ல" என்றபடி பரணிலிருந்து ஒரு சுருளை இறக்கினார். ரப்பர் மாதிரி நகம் பதியும் பிவிசி. அகலம் இரண்டரை விரல். கனம் அளந்தேன், 11 மி.மீ. நாலு கதவுக்கும் சேர்த்து 1,600 ரூபாய். இரண்டு கடை தள்ளி இதே மாதிரி 2,200 சொன்னார்கள்.

ஏன் 11 மி.மீ. முக்கியம்? கதவின் துருத்தலான இடத்தைவிட இந்தப் பட்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கதவு உள்ளே வளைந்து இறங்கும் இடத்தில் நாலு மி.மீ. பட்டையை ஒட்டினால், பக்கத்து விளிம்பு பட்டைக்கு மேலே இருக்கும் தகட்டைத்தான் முதலில் தொடும். ஒரு நேரான ஸ்கேலைக் கதவின்மேல் நெட்டுக்குத்தாகச் சாய்த்து வைத்துப் பாருங்கள். ஸ்கேல் பட்டையைத் தொட வேண்டும், தகட்டைத் தொடக்கூடாது.

ஒட்டுவது கடைப் பையன் வேலை என்று விட்டுவிடாதீர்கள். பதினைந்து நிமிஷத்தில் ஒட்டி, "ஓகே சார்" என்று தட்டிக்கொடுத்து அனுப்புவார்கள். ஒரு மாதத்தில் முனை தூக்கிக்கொள்ளும். பின்னால் வரும் டேப் நல்ல வகையாக இருக்க வேண்டும். த்ரீ எம்மின் விஹெச்பி போன்ற அக்ரிலிக் நுரை டேப் ஒட்டிய உடனே முழுப் பிடிப்புக்கு வராது. சாதாரணச் சூட்டில் ஒரு நாளில் தொண்ணூறு சதவீதம், முழுதாக மூன்று நாள். அதுவரை வாட்டர் வாஷ் கூடாது. ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைக்க வேண்டும். வாக்ஸ், செராமிக் எது இருந்தாலும் பிடிப்பு குறையும். நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டிலேயே ஒட்டினேன். மாஸ்கிங் டேப்பால் 62 செ.மீ.யில் ஒரு கோடு, 70-இல் ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவில் பட்டை. மனைவி வந்து பார்த்துவிட்டு, "மாருதி ஆம்னி வேன் மாதிரி இருக்கு" என்றாள். இருக்கட்டும்.

குறைகளும் உண்டு. பட்டையின் மேல்விளிம்பில் மண் படிகிறது. பழைய டூத்பிரஷ் ஒன்று இப்போது வண்டியிலேயே இருக்கிறது. நெருக்கமான பாதையில் கட்டையோ பாறையோ மாட்டினால் பட்டை பிய்ந்துபோகலாம். எடுக்க வேண்டுமென்றால் ஹேர் டிரையரால் சூடாக்கி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு அறுத்தால் பெயின்ட் போகாமல் வந்துவிடும். முக்கியமான குறை, ஒரே உயரத்தைத்தான் காக்கும். என் வலது பக்கம் எஸ்யூவி வந்து நின்றால் அதன் கதவு 80-க்கு மேலேதான் தொடும். இரண்டு பட்டை ஒட்டலாமா என்று யோசித்தேன். அது ஆம்னி இல்லை, ஏணி.

ஒட்டாமலே செய்யக்கூடியவை

சைடு ஸ்டெப் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பத்துப் பதினைந்து செ.மீ. வெளியே நீட்டும், உண்மைதான். தாழ்வான வண்டியின் கதவு அடிப்பாகம் அந்த ஸ்டெப்பில் முதலில் இடித்தால் நம் கதவு தப்பிக்கும். கதவின் அடி ஸ்டெப்புக்கு மேலே போனால் பிரயோஜனம் இல்லை. இதையும் அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். மச்சான் இந்தப் பேச்சோடு பேச்சாக முன்பக்கம் புல் பார், அதாவது பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புச் சட்டம், போடலாமா என்றான். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், அது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு விரோதம் என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பேச்சை அங்கேயே முடித்தேன்.

தூணுக்கு நுரை ஒட்டுவது மலிவான வேலை. பழைய யோகா மேட்டை வெட்டி ஒட்டினாலே போதும். என் வலது முன்கதவு விளிம்பில் ஒரு இடத்தில் பெயின்ட் உதிர்ந்திருக்கிறது. அதைச் செய்தது எந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை, நானும் இந்தத் தூணும்தான். நுரை வந்தபிறகு வண்டியைத் தைரியமாகத் தூண் பக்கம் ஒரு சாண் ஒட்டி நிறுத்துகிறேன். இடது பக்கம் அந்த ஒரு சாண் கூடுதலாகக் கிடைத்துவிட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு வண்டியும் மூக்கை நுழைத்து நின்றால் ஒருவருடைய டிரைவர் கதவு இன்னொருவருடைய பயணிக் கதவுக்கு எதிரே வரும். இடது பக்கத்துக்காரர் ரிவர்ஸில் நுழைத்தால் இரண்டு பயணிக் கதவுகளும் எதிரெதிரே வரும். இரண்டு பேரும் தனியாக ஆபீஸ் போகிறவர்கள் என்றால் அந்த இடைவெளியில் வாரம் முழுக்க ஒரு கதவும் திறக்காது. என் விஷயத்தில் பிள்ளைகள் இருப்பதால் இது ஒத்துவரவில்லை. நேராகப் போய்ப் பேசினேன், குற்றம் சொல்லவில்லை. "உங்க கதவு விளிம்புலயும் பெயின்ட் போகுது பாருங்க" என்று ஆரம்பித்தேன். இப்போது அவர் வண்டியை வெளியே எடுத்தபிறகு பிள்ளைகள் ஏறுகிறார்கள். இதற்கு ஆன செலவு கால் கிலோ மைசூர்பாகு.

விழுந்தபின்

என் ஒடுக்குக்கு சர்வீஸ் சென்டரில் சொன்னது டிங்கரிங், பட்டி, பெயின்டிங், ஒரு கதவுக்கு 7,000 ரூபாய். இன்சூரன்ஸில் போட்டுவிடலாம் என்றார்கள். இங்கேதான் கணக்குப் போட வேண்டும். 1500 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் 2,000 ரூபாய் நம் கையிலிருந்து கட்டாயமாகப் போகும். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி இருந்தாலும் போகும். கையில் வருவது 5,000. கிளெய்ம் இல்லாத வருஷங்களுக்கு ஓன் டேமேஜ் (நம் வண்டியின் சேதத்துக்கான) பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். ஒரு கிளெய்ம் போட்டால் அது பூஜ்யத்துக்கு இறங்கும். பிரீமியம் 30,000 என்று வைத்துக்கொண்டு, அடுத்து 45 சதவீதம் வர வேண்டியவர் கிளெய்ம் போட்டால் 13,500 போச்சு. ஐயாயிரத்துக்காகப் பதின்மூன்றாயிரம். தள்ளுபடியைக் காக்கும் ஆட்‌-ஆன் எடுத்திருந்தால் மட்டும் கணக்கு மாறும்.

நல்ல வழி, பெயின்ட் தொடாமல் ஒடுக்கு எடுப்பது. பிடிஆர் என்பார்கள். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாகவோ, உள்பக்க அட்டையைக் கழற்றியோ, வளைந்த கம்பியை விட்டுப் பின்னாலிருந்து நெம்புவார்கள். என் கதவுக்கு வந்த ஆள் ஒரு வரிக்கோட்டு விளக்கைக் கதவின்மேல் வைத்து, கோடு எங்கே நெளிகிறது என்று பார்த்துப் பார்த்து முக்கால் மணி நேரம் நெம்பினார். அந்த உயரத்தில் கதவுக்குள் மோதல் தாங்கும் இரும்புச் சட்டம் குறுக்கே போவதால் கம்பி நேராகப் போகவில்லை. கடைசிக் குழியைப் பசை வைத்து வெளியிலிருந்து இழுத்தார். 2,000 ரூபாய். இப்போது டியூப்லைட் நேராகத் தெரிகிறது. பெயின்ட் விரிசல் விட்டிருந்தாலோ, மடிப்புக்கோட்டில் விழுந்திருந்தாலோ இது நடக்காது. கம்பெனிப் பெயின்ட்டே இருப்பதில் இன்னொரு லாபம், வண்டியை விற்கும்போது பெயின்ட் கனத்தை மைக்ரான் மீட்டர் வைத்துப் பார்ப்பவர்களிடம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஆக என் வண்டிக்கு: மெத்தென்ற கறுப்பு பீடிங், தூணுக்கு நுரை, அடுத்த ஒடுக்குக்கு என்று ஒதுக்கிவைத்த 2,000 ரூபாய். பிபிஎஃப்பை அடுத்த வருஷம் கீழ்ப்பாதிக் கதவுகளுக்கு மட்டும் போட நினைத்திருக்கிறேன், அது உண்ணிச்செடிக்காக.

மச்சானுக்கும் இதையே சொல்லி, டெலிவரிக்கு முன்னால் ஸ்லாட்டை அளந்துவிடச் சொன்னேன். நேற்று போன் வந்தது.

"மாமா, அளந்தேன். ஒரு பக்கம் சுவரு. இன்னொரு பக்கம் கார் இல்ல, வரிசையா பைக் நிக்குது. ஹேண்டில் முனை 98 சென்டிமீட்டர்ல தொடுது. பீடிங் அங்கயா ஒட்டறது?"

அந்த உயரத்தில் ஒட்டினால் கண்ணாடிக்குக் கீழே அரைஞாண் கட்டின மாதிரி இருக்கும். காந்தப் பட்டையை அவன் வீட்டுக்கு எடுத்துப்போகிறேன், இந்த ஞாயிற்றுக்கிழமை.